முகப் பவுடர் போட்ட டயர்

பேரன் குளித்துவிட்டுப் பவுடர் பூசிக்கொண்டு வந்தால் மற்றவர்களுக்குக் குழந்தை வாசனை வரும். எனக்கு மோட்டார் சைக்கிள் டயர் வாசனை வருகிறது. சிரிக்காதீர்கள். போன வாரம்கூட சுவா சூ காங்கிலுள்ள மகன் வீட்டில் பவுடர் டப்பாவும் கையுமாக வெகுநேரம் நின்றுவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கும் தனபாலுக்கும் செம்பவாங் நேவல் பேஸில் வேலை. குவார்ட்டர்ஸில் ஒரே அறை, இருவருக்கும் பொதுவாக ஒரு பழைய மோட்டார் சைக்கிள். ஜாலான் புசார் கடைத்தெருவில் டயர் வாங்கிவந்து வாசலிலேயே மாட்டுவோம். நெம்புவதற்கு இரண்டு கரண்டிக் காம்புகள், விளிம்பு வழுக்கச் சவுக்காரத் தண்ணீர், டியூப் ஒட்டாமலிருக்க என் முகப் பவுடர். அப்போது நான் அழகன் என்று எனக்கொரு நினைப்பு இருந்தது. டியூபில் கொஞ்சம் காற்றடித்துக்கொண்டுதான் டயரை நெம்ப வேண்டும். இல்லாவிட்டால் தொய்ந்த டியூப் காம்புக்கடியில் மாட்டி நசுங்கிவிடும்.

தனபாலின் அப்பா ஒரேயடியாக ஊருக்குத் திரும்பிய நாள் அது. பிற்பகல் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல். காலையில் பார்த்தால் பின் டயர் கிழிந்து கிடக்கிறது. வழியனுப்பப் பஸ்ஸில் போய்விடுவதாக அவன் சொன்னான். நான்தான் விடவில்லை.

"அரை மணில மாட்டித் தர்றேன்டா. பஸ் எதுக்கு?"

பம்பைப் பக்கத்து அறைக்காரர் வாங்கிப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று பொறுக்காமல், காற்றில்லாத டியூபை வைத்தே நெம்பினேன். கடைசி நெம்பில் காம்புக்கடியில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். அதற்குள் பம்பும் வந்துவிட்டது, காற்றும் நின்றது.

"சரியாயிடுச்சா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"எல்லாம் சரிதான் லா. கெளம்பு."

மண்டாய் தாண்டும் முன்பே டயர் இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு நடந்து, ஒரு லாரியைப் பிடித்து அவன் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது கப்பல் கரையை விட்டிருந்தது.

"அப்பா கை காட்டினாரான்னுகூடத் தெரியலடா," என்றான்.

மறுநாள் டியூபைக் கழற்றினேன். காம்பு கடித்த இரண்டு கீறல்கள் அருகருகே இருந்தன. என்ன அது என்று கேட்டான். ஆணி என்றேன். நம்பினான். ஒரு வருஷத்துக்குள் ஊரிலிருந்து அவன் அப்பா இறந்துபோன செய்தி வந்தது.

அதன்பிறகு தனபால் பாதையில் ஆணி தேடிக்கொண்டேதான் வண்டி ஓட்டுவான். பின்னால் உட்கார்ந்து நானும் தேடுவதுபோல் பார்த்துக்கொண்டு வருவேன். வெட்கமாக இருக்கும்.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் இல்லை. மகனுடைய வண்டி டயரில் டியூபே கிடையாது. தனபால் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் கிடைத்தது. நான் சொல்லவில்லை.