ஏழு மணிக்கு வருவார்

என் அக்காவுக்கு ஆங்கிலத்தில் வராதது எதிர்காலம் ஒன்றுதான். இறந்தகாலத்தில் அவளிடம் குறை சொல்ல முடியாது. வேலூரில் ஒரு மருத்துவமனையில் இருபது வருடமாக நர்ஸ். ஒவ்வொரு ஷிப்ட் முடியும்போதும் நோயாளிக்கு என்ன மருந்து கொடுத்தோம், எப்போது காய்ச்சல் இறங்கியது, எவ்வளவு சாப்பிட்டார் என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். எல்லாம் நடந்து முடிந்த சங்கதிகள். நடக்கப்போவதை எழுதுவது டாக்டர்களின் வேலை.

அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்கு ஆங்கிலத் தேர்வு ஒன்று தேற வேண்டும். படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றிலும் தேறிவிட்டாள். பேசுவதில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்து போயிற்று. அதை மட்டும் திரும்ப எழுதலாம் என்றார்கள். இந்த முறையும் தவறினால் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும். மாமா இறந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் காட்பாடியில் கல்லூரி படிக்கிறாள். அக்கா போக விரும்பியதற்கு மகளின் படிப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் இருந்திருக்கலாம். அதை நான் கேட்டதில்லை.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவது என் வேலை. இலக்கணம் படித்தவன் இல்லை. திட்டு வாங்கிக் கற்றவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையர், "ஒரு மெயிலில் ‘வில் ஷிப்’ என்கிறீர்கள், இன்னொன்றில் ‘ஆர் ஷிப்பிங்’ என்கிறீர்கள், எதை நம்புவது?" என்று கேட்டு எழுதினார். நான் அதைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டு, "வில் போடுப்பா. அது நம்ம கையைக் கடிக்காது" என்றார். ‘ஆர் ஷிப்பிங்’ என்றால் லாரி வாசலில் நிற்க வேண்டும். ‘வில்’ என்றால் தோல் இன்னும் பதனிடும் டிரம்மில் சுற்றிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. எதிர்காலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்குத் தொடங்கியது.

ஞாயிறுதோறும் வேலூர் பாகாயத்தில் அக்கா வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அவள் குக்கர் வைத்துவிட்டு வந்து எதிரே உட்காருவாள். அக்காவுக்குத் தம்பி பாடம் எடுப்பது அவளுக்குப் பெரிய வேடிக்கை.

"காலிங் பெல் அடிக்குதுன்னு வெச்சுக்கோக்கா. இப்போதான் காதுல உழுது. நான் போய்ப் பாக்குறேன்னு சொல்லணும். இன்னா சொல்லுவ?"

"நான் இன்னாத்துக்குப் போணும்? நீ சும்மாதான உக்காந்துக்கினு இருக்க. நீ போ."

"ஐ வில் கோ. அந்த நிமிஷம் முடிவு பண்ணா, வில்."

"சரி. கோயிங் டு எப்போ?"

"கண்ணுக்கு எதிர்ல அறிகுறி தெரிஞ்சா. மேகம் கறுத்துடுச்சு, மழை வரப்போகுது."

"மேகத்தை நான் எங்கடா பாத்தேன்? நாள் பூரா வார்டுலதான் இருக்கேன்." கொஞ்சம் யோசித்தாள். "பேஷன்ட் மூஞ்சியப் பாத்தாலே தெரியும். ஹி இஸ் கோயிங் டு வாமிட். ட்ரே எடுத்தாங்கடின்னு கத்துவேன்."

"அதேதான்!"

"ஹி வில் வாமிட்னா?"

"அது ஜோசியம்."

அன்று அவள் சிரித்த சிரிப்பில் மகள் உள்ளேயிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருக்க வேண்டும்.

ஏற்பாடு முடிந்துவிட்ட விஷயத்துக்கு நிகழ்காலத்தையே போடலாம் என்று அடுத்த வாரம் சொன்னேன். பெரிய டாக்டர் நாலு மணிக்கு வருகிறார்: ‘இஸ் கமிங்’. "அவரு சொன்ன நேரத்துக்கு என்னிக்கு வந்தாரு? சொல்லிட்டு வராதவங்களுக்குத் தனியா ஒரு டென்ஸ் இருக்குதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்து இல்லை. இருந்தால் எங்கள் கம்பெனிக்கும் உதவியிருக்கும்.

மூன்று வாரத்தில் அவளுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. தனித்தனி வாக்கியமாகக் கேட்டால் தவறே இல்லை. அடுத்த ஞாயிறு நிஜத் தேர்வு போலவே நடத்திப் பார்க்கலாம் என்றேன். நான் தேர்வாளர். செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"குடியாத்தம் லுங்கி கட்டிக்கினு எக்ஸாமினராம். பேன்ட்டாவது போட்டுக்கினு வாடா" என்றாள் அக்கா.

போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு நாளில் உங்களுக்குப் பிடித்த நேரம் எது, அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள் என்று கேட்டேன்.

அவள் ஒரு நிமிடம் கண்ணை மூடி யோசித்தாள். பிறகு மாலை நேரம் என்று ஆரம்பித்தாள். "மை ஹஸ்பெண்ட் வில் கம் அட் செவன். ஹி வில் வாஷ் ஹிஸ் ஹேண்ட்ஸ் டூ டைம்ஸ்."

மாமா ராணிப்பேட்டைப் பக்கம் தோல்ஷாப்பில் பினிஷிங் பிரிவில் இருந்தவர். தோல்ஷாப் என்றுதான் எங்கள் பக்கம் தோல் பதனிடும் இடத்தைச் சொல்வோம். அந்த வாசனை சோப்புக்குச் சுலபத்தில் போகாது. ஒருமுறை கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவுவார். அதன் பிறகுதான் மகளைத் தொடுவார். அக்கா இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனாள். சட்டையை வாசலிலேயே கழற்றிக் கொடியில் போடுவார். என்ன குழம்பு என்று கேட்க மாட்டார், மூடியைத் திறந்து பார்ப்பார். டீயை அவரே போடுவார், அக்காவுக்கும் சேர்த்துப் போடுவார். எல்லாவற்றுக்கும் வில், வில், வில். ஒரு இடத்திலும் திக்கவில்லை. அவள் அவ்வளவு சரளமாக ஆங்கிலம் பேசி நான் கேட்டதே இல்லை.

நேரம் முடிந்து செல்போன் ஒலித்தது. அக்கா கண்ணைத் திறந்து, "எப்படி?" என்றாள்.

தவறு எங்கே என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. தமிழில் அவள் சொன்னது அத்தனையும் சரி. மாமா ஏழு மணிக்கு வருவார். நாளைக்கு வரப்போகிறவரையும் அப்படித்தான் சொல்வோம், ஒரு காலத்தில் தினமும் வந்துகொண்டிருந்தவரையும் அப்படித்தான் சொல்வோம். நம் காதுக்கு எது எதுவென்று தானாகத் தெரிந்துவிடும். ஆங்கிலக் காதுக்குத் தெரியாது. ‘வில் கம்’ என்றால் அந்த மனிதர் இன்று மாலை வரப்போகிறார் என்றுதான் அர்த்தம்.

இதைச் சொன்னேன். அவள் மேசை விரிப்பின் ஓரத்தை நேராக இழுத்து விட்டாள்.

"அதான் அந்தம்மா அப்படிக் கேட்டாங்களா?" என்றாள்.

"எந்தம்மா?"

"போன தடவ எக்ஸாம் எடுத்தவங்க. குடும்பத்தப் பத்திப் பேசச் சொன்னாங்க. நானும் இதையேதான் பேசினேன். முடிச்சதும் சிரிச்சிக்கினே கேட்டாங்க, உங்க ஹஸ்பெண்டு இப்போ வெளிய உங்களுக்காகக் காத்துக்கினு இருக்காரான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"எஸ்னு சொல்லிட்டேன்டா." என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கே தெரில ஏன் சொன்னேன்னு. அதுக்கப்புறம் அவங்க கேட்ட எதுக்கும் வாய் வரல."

அந்த அரை மதிப்பெண் எங்கே போனது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இவ்வளவு நாள் யாரிடமும் அவள் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். பழைய வழக்கத்துக்கு ‘யூஸ்ட் டு’ போட வேண்டும். ஹி யூஸ்ட் டு கம். அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்திவிட்டாள்.

"இது வேணாம்டா. முன்னல்லாம் வருவாரு, இப்போ வர்றதில்லன்னு சண்ட போட்டுக்கினு போனவரப் பத்திச் சொல்ற மாதிரி இருக்கு."

"அப்போ மாமாவப் பத்திப் பேசாத. கேட்டா பொண்ணப் பத்திப் பேசு."

"எக்ஸாமுக்கு ஓகே. அங்க போனதும் வார்டுல கூட வேல செய்றவங்க கேப்பாங்கல்ல? அங்க யாருக்கு அவரத் தெரியும்? நான் சொன்னாத்தான் தெரியும். அங்கயும் எஸ்ஸுன்னா சொல்லுவேன்?"

 குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போய்விட்டாள்.

அவள் கேட்டதற்குப் பதில் அந்த வாரம் ஆபீஸில் வந்தது. எங்கள் கம்பெனியில் வெகுகாலம் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் இறந்துபோனார். பழைய பையர் ஒருவருக்கு அவரை நன்றாகத் தெரியும் என்பதால் நான்தான் செய்தி எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. நான்கு வரி. அதில் ஒன்று: "ஹி வுட் ஹோல்ட் எவ்ரி ஸ்கின் டு தி விண்டோ." ஒவ்வொரு தோலையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பார்ப்பார் என்றேதான் என் காதில் விழுந்தது. ‘வுட்’ என்பதை அதுவரை நான் மரியாதைக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன், தயவுசெய்து அனுப்ப முடியுமா என்கிற இடங்களில். கட்டிங் மாஸ்டர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பது அந்த ஒரு வரியில் தெரிந்தது. அவர் இல்லை என்பதும் அதே வரியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் சனிக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறினேன். அக்கா டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"வில்லுக்குப் பதிலா வுட். அவ்ளோதான். வேற எதையும் மாத்தாத."

"இது இன்னா, வில்லோட இறந்தகாலமா?"

"ஆமாக்கா."

"வருங்காலத்துக்கே இறந்தகாலம் இருக்குதா? நல்லா இருக்குடா உங்க இங்கிலீஷு."

பிறகு அவள் சொல்லிப் பார்த்தாள். ஹி வுட் கம் ஹோம் அட் செவன். ஹி வுட் வாஷ் ஹிஸ் ஹேண்ட்ஸ் டூ டைம்ஸ். கை கழுவும் வரியோடு சற்று நிறுத்தினாள். ‘டூ டைம்ஸ்’ இல்லை, ‘ட்வைஸ்’ என்று திருத்த வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மூடியைத் திறந்து பார்ப்பது, டீ போடுவது என்று கடைசி வரை போனாள். முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதுல அவரு வர்றாருடா" என்றாள். "வந்துட்டு, போய்ட்டாருன்னும் தெரியுது."

தேர்வு சென்னையில். காட்பாடியில் காலை ரயில் பிடித்தோம். வழியெல்லாம் அவள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அரக்கோணம் தாண்டியதும், "போதும், இனிமே எது வந்தாலும் ஐ வில் மேனேஜ்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நிமிடத்தில் எடுத்த முடிவு. வில் சரிதான்.

நான் வெளியே ஒரு வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். அவள் வந்ததும் என்ன கேட்டார்கள் என்றேன்.

"ஊர்ல உனக்குப் பிடிச்ச கடை எதுன்னு கேட்டாங்க."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அவ்ளோதானா? மாமா பத்தி எதுவும் கேக்கலியா?"

"கேக்கல." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நம்ம தெருமுனை பேக்கரியப் பத்திச் சொன்னேன். அப்புறம் நானே சொன்னேன், சம்பளத்தன்னிக்கு மை ஹஸ்பெண்ட் வுட் பை எ ஸ்மால் கேக்னு. அந்தம்மா வேற யாரோதான், போன தடவ வந்தவங்க இல்ல. தலைய ஆட்டிட்டு, ‘யூ மஸ்ட் மிஸ் ஹிம்’னாங்க. எஸ்னு சொன்னேன். அப்புறம் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்."

முடிவு சில நாளில் வந்தது. தேறிவிட்டாள். மழைக்காலம் முடிந்ததும் கிளம்புகிறாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அதனால் ‘இஸ் லீவிங்’.

தேர்வன்று திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டாள். வாலாஜா ரோடு நெருங்கும்போது மகள் போன் செய்தாள். பரீட்சை எப்படி என்று அவள் கேட்கவில்லை, கேட்க பயந்திருப்பாள். எப்போம்மா வருவ என்று மட்டும் கேட்டது என் காதிலும் விழுந்தது.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏழு மணிக்கு வந்துடுவேன்" என்றாள். "டீ போடாத. நான் வந்து போடுறேன், உனக்கும் சேத்து."

பழக்கதோஷத்தில் நான் மனதுக்குள் அதைச் சரிபார்த்தேன். இரண்டு மொழியிலும் திருத்த ஒன்றும் இல்லை.