மேல் கண்ணாடியில் ஒரு சுருள்

போன கிழமை புதிதாக வெள்ளையடித்த சுவரில் என் மகன் அடுப்புக்கரியால் கிறுக்கிவிட்டான். அவனுக்கு நான்கு வயது. குசினியிலிருந்து வந்து பார்த்தால் கதவில் தொடங்கி அலுமாரி வரைக்கும் கறுத்த சுருள்கள். கையை ஓங்கினேன். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டேன். அடித்திருக்க வேண்டுமோ, அடிக்காமல் விட்டது பிழையோ என்று அன்று பகல் முழுவதும் யோசித்தபடியே இருந்தேன். அப்போதுதான் வேறொரு கிறுக்கல் நினைவுக்கு வந்தது. 

உலக யுத்தக் காலம். எனக்கு அப்போது ஏழு வயது. துறைமுகத்தில் குண்டு விழுந்த அன்றே திருகோணமலை பாதி வெறிச்சோடிவிட்டது. நாங்களும் வள்ளமேறிக் கட்டைபறிச்சானில் அம்மாவின் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு மாதம் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தோம். அப்பா கடற்படைக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர். வேலைக்கு வராவிட்டால் பாஸைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பாஸ் இல்லாமல் துறைமுக வாசலைத் தாண்ட ஏலாது.

வந்ததும் இருட்டடிப்புக் கட்டளை. இரவில் குண்டு விமானங்களுக்கு வெளிச்சம் தெரியக்கூடாதென்று, கடலைப் பார்த்த சன்னல்களெல்லாம் கறுப்பாக வேண்டும். எங்கள் முன்னறைச் சன்னலில் மேலே மூன்று, கீழே மூன்றாக ஆறு கண்ணாடிகள். அப்பா ஒரு தகரம் கறுப்புப் பூச்சுக் கொண்டுவந்து ஆறையும் உள்பக்கத்தால் பூசினார். அதோடு பகலும் எங்களுக்கு இல்லாமல் போயிற்று. தவழத் தொடங்கியிருந்த தம்பி அந்த அறைக்குள் விட்டால் வீரிட்டு அழுவான். பள்ளிக்கூடம் மூடியிருந்தது. அம்மாவை வாசலுக்குப் போகவும் அப்பா விடமாட்டார். ஊர் முழுக்கச் சிப்பாய்கள்.

ஒருநாள் அம்மாவின் கொண்டை ஊசியால் கீழ்க் கண்ணாடியில் ஒரு புள்ளி கீறிப் பார்த்தேன். நிலத்தில் ஒரு பொட்டு வெயில் விழுந்தது. ஊசியை இழுத்தேன். பொட்டு கோடாயிற்று. பிறகு என் கையை நிறுத்த என்னால் முடியவில்லை. கடற்கரை மணலில் நண்டு ஓடினமாதிரி ஒன்று. பின்வளவுத் தேசிமரத்து இலைக்குள் புழு ஊர்ந்து விடும் வெள்ளைக் கோடுமாதிரி இன்னொன்று. எதுவும் எதுவுமாக இல்லை. ஆனால் அத்தனையும் நிலத்தில் பொன்னிறமாக விழுந்து, வெயில் நகர நகரத் தாங்களும் நகர்ந்தன. தம்பி அழுகையை விட்டுவிட்டு அவற்றைப் பிடிக்கத் தவழ்ந்தான்.

அம்மா வந்து நின்றதை நான் காணவில்லை. கண்டதும் முதுகை வளைத்துக்கொண்டேன். அடி விழவில்லை. நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பாவுக்குச் சொல்லாதை. விளக்கு வைக்க முந்தி சாக்குப் போட்டு மூடிவிடுவம்" என்று மட்டும் சொன்னார். அன்றே சன்னலுக்கு மேல் இரண்டு ஆணி அடித்து, வெறும் அரிசிச் சாக்கொன்றைத் தொங்கவிட்டார். பகலில் அதை ஒரு பக்கம் ஒதுக்குவோம், பொழுதுபட இழுத்து மூடுவோம். அப்பா ஞாயிறென்றும் பாராமல் விடியமுன் போய், பொழுதுபட்டபின் வருகிறவர். சாக்கை மட்டும்தான் அவர் கண்டார்.

சில நாட்களில் ஒரு விசித்திரம் நடந்தது. கிறுக்கல் வளரத் தொடங்கியது. காலையில் எழுந்து பார்த்தால் மேல் வரிசைக் கண்ணாடியிலும் கோடுகள். அவற்றில் ஒன்று சங்குமாதிரிச் சுருண்டு உள்ளே போய், நடுவில் நில்லாமல் திரும்பி வெளியே ஓடியது. தேசி இலையில் புழுவின் கோடு இரவோடிரவாக நீளுவதை நான் கண்டிருக்கிறேன். இதுவும் அப்படித்தான் என்று முடிவு செய்து, ஆருக்கும் சொல்லாமல் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை அப்பாவுக்கு அரைநாள் வேலை. நான் பின்வளவில் நின்றேன். அம்மா காய்ச்சலில் கிடந்த தம்பியோடு உள்ளறையில். பங்கீட்டு அரிசி வாங்கப் போக வெளிக்கிட்ட அப்பா சாக்குத் தேடியிருக்கிறார். வெளி வெயில் கண்ணில் இருக்க, வாசலில் நின்றபடியே கையை எட்டி, சும்மா தொங்குகிறது என்று நினைத்து அதை உருவிக்கொண்டு போய்விட்டார். சன்னலை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அரிசியோடு வரும்போது பொழுதுபட்டுவிட்டது. தானே முன்னறையில் விளக்கைக் கொளுத்தினார். உள்ளே இருந்து பார்த்தால் சன்னல் வெறும் கறுப்பு. கீறல்கள் தெரியவே தெரியாது.

விசில் சத்தம் கேட்டது. பிறகு கதவில் அடி.

"லைற்! லைற்! ஆரது லைற் காட்டுறது?"

இருட்டடிப்பைக் கவனிக்க இரவில் தெருத்தெருவாய்ச் சுற்றும் வார்டனின் குரல். அவர் அடுத்த தெருத் தையற்காரர். இரும்புத் தொப்பி கிடைத்த நாளிலிருந்து ஆரையும் தெரியாதவர். அவரோடு ஒரு பொலிஸ்காரர், துவக்கோடு ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய்.

"என்ன அண்ணை, எங்கட சன்னலுக்கு நான்தானே கறுப்படிச்சனான். நீங்களும் வந்து பார்த்தனீங்கள்" என்றார் அப்பா.

"அண்ணையெல்லாம் பகலில. வெளியில வந்து பாருங்கோ."

அப்பாவின் பின்னால் நானும் ஓடினேன். திரும்பிப் பார்த்தேன்.

ஊரே கறுத்துக் கிடந்தது. வானமும் கடலும் எதுவென்று தெரியாத அந்தக் கறுப்பின் நடுவே எங்கள் சன்னல் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நண்டுக் கால்கள், புழுக் கோடுகள், மேலே அந்தப் பெரிய சுருள், எல்லாம் துறைமுகத்துக்கு நேரே நெருப்பால் எழுதிவைத்தமாதிரி. வெளியிலிருந்து நான் அதைக் கண்டதே இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எவ்வளவு வடிவு என்று நினைத்தேன். பிறகு அப்பா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

"இது என்ன எழுத்து? ஆருக்குச் சிக்னல்?" என்றார் பொலிஸ்காரர்.

"எனக்கு ஒண்டும் தெரியாது, ஐயா."

"உங்கட வீடு, உங்கட விளக்கு. உங்களுக்குத் தெரியாதோ? பாஸை எடுங்கோ."

பொழுதுபட்ட பிறகு குப்பை எரித்த ஒருவரை முந்தின மாதம் கொண்டுபோயிருந்தார்கள். அவர் இன்னும் வரவில்லை. வெளிச்சம் காட்டுகிறவர்களைச் சுடுவார்கள் என்று பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். பொலிஸ்காரர் நீலக் கடதாசி ஒட்டிய ரோச் விளக்கை அப்பாவிடமே பிடிக்கக் கொடுத்து, கிறுக்கலைக் கொப்பியில் பார்த்து எழுதத் தொடங்கினார். இரண்டு சுழியோடு வழி தவறி, வெட்டிவிட்டு, மறுபடி தொடங்கினார். நான்தான் என்று நான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு அப்பாவின் பின்னால் ஒதுங்கினேன்.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். திரும்பிச் சன்னலைப் பார்த்தார்.

"அவரை விடுங்கோ. நான்தான் கீறினனான்."

"நீரோ?" என்றார் அப்பா.

"எல்லாத்தையுமோ?" என்றார் வார்டன்.

அம்மா கொஞ்சம் தயங்கினார். "ஓம். எல்லாத்தையும்."

"ஏன் பிள்ளை? உமக்கென்ன, சின்னப்பிள்ளை எண்ட நினைப்போ?"

"வீடு ஒரே இருட்டு. பிள்ளை அழுகுது. அதுதான்."

தம்பி காய்ச்சல் கண்களோடு சன்னலைப் பார்த்துக் கையை நீட்டி, பிடிக்கப் போகிறவன்போல் விரல்களை மடக்கி விரித்தான். சிப்பாய் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பொலிஸ்காரரிடம் ஏதோ சொன்னான். கொப்பி மூடப்பட்டது. ஆனாலும் அப்பாவைக் கொண்டுபோனார்கள்.

அடுத்த நாள் மத்தியானம்தான் அவர் வந்தார். முகம் வீங்கியிருந்ததா, அழுதிருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பாஸ் திரும்பக் கிடைக்க ஒரு மாதமாயிற்று. வந்த கையோடு ஆறு கண்ணாடிக்கும் இரண்டு முறை கறுப்படித்தார். தூரிகையைக் கழுவும்போது, "நீர் படிச்சனீர் எண்டு நினைச்சன்" என்றார். அம்மா பூச்சுத் தகரத்தை எடுத்து மூடினார். சன்னலில் கோலம் போட்டவள் என்று அயலில் பெண்கள் சிரித்தார்கள்.  எனக்காகச் சொன்ன பொய்யை அம்மா சுமக்கிறார் என்று நினைத்து, அவரைப் பார்க்கவே கூசி, நான் கிறுக்குவதை அடியோடு விட்டுவிட்டேன்.

போன கிழமை மகன் நித்திரையானபின் ஈரத்துணியோடு சுவரடிக்குப் போனேன். கரித்துண்டு நிலத்தில் கிடந்தது. அவன் ஒரு சுருளை முடிக்காமல் விட்டிருந்தான். குனிந்து எடுத்தவள் அதை முடித்துவிட்டேன். பிறகு இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று. துணி காய்ந்துபோயிற்று. எட்டி நின்று பார்த்தபோது, அவனுடைய கை எட்டாத உயரத்தில் என் கோடுகள் தனியாகத் தெரிந்தன.

அந்தச் சன்னலின் மேல் வரிசையை, கதிரையில் ஏறி நின்றும் நான் எட்டியதில்லை. அம்மாவுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. இன்றைக்கு எனக்கு அதைவிட ஒன்று கூட. எல்லோரும் நித்திரையான பிறகு அவர் கொண்டை ஊசியோடு அந்த இருட்டில் நின்றிருக்கிறார். தெருவில் வைத்து அவர் சொன்னதில் கீழ் வரிசை மட்டும்தான் பொய்.