மரகதத்தின் கால்சட்டை

பகல் 12.10, பியர்பொன்ட்ஸ். பஸ் நிறுத்தத்தில் நான், ஒரு பை, முழங்கால் உயரத்துக்குப் பனிக்குவியல். பிளாமொண்டோன் மெட்ரோ அருகே ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில், மூன்று மணிக்கு நான் எழுதிய முதல் நாடகம் மேடையேறுகிறது. தூரம் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், மூன்று டாலர் எழுபத்தைந்து காசு. திருச்சியிலிருந்து இந்தப் பிரெஞ்சு பேசும் பனி நகரத்துக்குப் படிக்க வந்தவள் நான். விசா நேர்காணலுக்குப் பிறகு இவ்வளவு பதற்றமாக எங்கேயும் கிளம்பியதில்லை.

போன் அடித்தது. இயக்குநர் நேசன் அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர். பனி வாரும் வண்டியின் இரைச்சலில் அரைகுறையாகத்தான் கேட்டது: "தங்கச்சி, உடுப்பு... பேந்து... கொண்டு... கெதியா வாங்கோ!"

உடுப்பு, பேண்ட் கொண்டு சீக்கிரம் வா என்கிறார்! வீட்டுக்குத் திரும்பி ஓடினேன். என் பழுப்பு நிறக் கார்டுராய் பேண்ட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வருவதற்குள், பஸ் என் கண்ணெதிரே கிளம்பிப் போனது. அடுத்ததற்கு அரை மணி நேரம்.

12.50. ஒருவழியாக பஸ்ஸில் இடம். மடியில் நாடகப் பிரதி.

ரஷ்யாவில் மேடை நாடகம் வேர்விட்ட காலத்தில், பிரபுக்கள் சிலர் தங்கள் பண்ணை அடிமைகளையே நடிக்கவைத்துக் குழு நடத்தினார்கள். அந்த நடிகைகள் பலருடைய வாழ்க்கையை ஒட்டவைத்து நான் உருவாக்கியவள் மார்ஃபா. கொல்லன் மகள். சிறுமியாக இருக்கும்போதே மாளிகைக்குக் கொண்டுபோகிறார்கள். பாட்டு, பிரெஞ்சு, அரசி போன்ற நடை, எல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள். இப்படிப்பட்ட நடிகைகளுக்கு எஜமானர் ரத்தினக் கல்லின் பெயரைச் சூட்டுவதுண்டு, இவளுக்கு மரகதம். மாலையில் மகாராணி. திரை விழுந்தால், எஜமானரைக் கேட்காமல் கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ள முடியாத அடிமை. பிறகு ஒருநாள் கால்சட்டை மாட்டிப் போர்வீரன் வேடத்தில் வந்து சபையையே எழுந்து நிற்க வைக்கிறாள். அதன் பிறகுதான் விடுதலைப் பத்திரம் வருகிறது. ஆக, நாடகத்தின் உயிரே அந்த வேடம்தான்.

கோத்-வெர்த்து நிலையத்தில் ஆரஞ்சுத் தட மெட்ரோவுக்கு மாறினேன். நான்காவது நிறுத்தம் பிளாமொண்டோன்.

2.20. மண்டபப் படிக்கட்டில், அரசி உடையில், துஷா அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். மார்ஃபாவாக நடிப்பவள், பகலில் கார்தெரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். தமிழில் அவளுக்கு இதுதான் முதல் மேடை.

"அக்கா, என்னாலை ஏலாது. சிப்பாய் உடுப்பு வரேல்லை. கொண்டு வாற அன்ரியின்ரை கார் இல்-பிசாரிலை பனிக்குள்ள புதைஞ்சு போச்சு."

நேசன் அண்ணா தலையைச் சொறிந்தார். "ராணி உடுப்போடையே சிப்பாயா வாவன் பிள்ளை. சனம் கண்டுபிடிக்காது."

"அண்ணை, என்ரை கார்தெரிப் பிள்ளையளே கண்டுபிடிக்குங்கள்!"

நான் பையைத் திறந்தேன். "அதான் பேண்ட் கொண்டு வந்திருக்கேனே. நீங்கதானே அண்ணா போன்ல சொன்னீங்க?"

"நானோ? எப்ப?" என்று விழித்தவர், அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ தங்கச்சி! உடுப்பு பேந்து கொண்டு வருவினம், நீங்கள் கெதியா வாங்கோ எண்டெல்லோ சொன்னனான். பேந்து எண்டால் பிறகு!"

துஷா அதையெல்லாம் கவனிக்கவில்லை. பேண்ட்டைத் தன் இடுப்பில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். "நீளம்தான். ஊக்கு இருக்கே?"

இருந்தது. ஆறு ஊக்குகள். அரசியின் இடைப்பட்டி வாள்பட்டியானது, யாரோ கழற்றிக் கொடுத்த பனிக்கால பூட்ஸ் சிப்பாயின் பூட்ஸானது.

3.40. கார்டுராய் உரச உரச துஷா மேடைக்கு வந்தாள். முன்வரிசையில் ஒரு சின்னக் குரல், பெண்ணா ஆணா என்று பிரெஞ்சு கலந்து கேட்டது: "அம்மா, அது மதாமோ, மெஸ்யூவோ?" மண்டபமே சிரித்தது. ஒத்திகையில் அவள் எப்போதும் தடுமாறும் இடம் இது. துஷா அந்தக் குழந்தையின் பக்கம் திரும்பி, நிமிர்ந்து ஒரு சல்யூட் வைத்தாள். பிறகு வசனத்தைத் தொடங்கினாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. கடைசியில், "என் பெயர் மரகதம் இல்லை, மார்ஃபா" என்று அவள் பத்திரத்தை வாங்கியபோது, எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்றது நேசன் அண்ணாதான்.

5.15. கிளம்பும்போது துஷா பேண்ட்டை மடித்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. மார்ஃபா மேடையில் போட்ட உடுப்பு ஒன்றுகூட அவளுடையதில்லை, எல்லாம் எஜமானருடையவை என்று எழுதியவளே நான்தான்.

"உன்னோடதுதான், வச்சுக்கோ."

"மெய்யாவோ அக்கா?" என்று கேட்டவள், பதிலுக்கு நிற்காமல் பைக்குள் வைத்துவிட்டாள்.

"பேந்து சந்திப்பம், தங்கச்சி!" வாசலிலிருந்து நேசன் அண்ணா கத்தினார். திருச்சியில் யாரும் இந்தச் சொல்லால் விடை கொடுத்ததில்லை.

"என்கிட்ட இனிமே பேண்ட் இல்ல அண்ணா!" என்று கத்திவிட்டு, மெட்ரோ படிகளில் இறங்கினேன்.