மாமியார் இருமினால் மருமகன் இறங்குவான்

ஆஸ்திரேலியாவின் நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஊர்சுற்றிகள் தங்கும் விடுதி ஒன்றில் யாரோ ஒரு டச்சுக்காரர் சொன்னாராம். அதை எங்கள் கடைக்கு ரொட்டி கொண்டுவரும் லாரிக்காரர் என்னிடம் சொன்னார். மேற்கே மலையோரம் ஒரு பழங்குடி வழிகாட்டி இருக்கிறானாம். முன்னோரின் ஆவி கூப்பிட்டால் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து, முட்புல்லுக்குள் மறைந்து, காற்றோடு பேசுவானாம்.

அந்த வண்டியில் தேநீர்க் கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். வண்டி ஓடவில்லை; லெஸ்டர் ஒழுங்காகக் கை பிரேக் போட்டுவிட்டுத்தான் இறங்கினான். ஆவியும் கூப்பிடவில்லை. பின் இருக்கையில் அவனுடைய மாமியார் இருமினார்.

லெஸ்டர் மாதத்தில் பெரும்பகுதி வடக்கே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்தால் அவனுடைய சின்ன மகள் வாசலில் நின்று, யார் வேண்டும் என்று கேட்பாள். அதற்காகத்தான் ஒரு பழைய மினிபஸ்ஸைப் பிடித்துச் சுற்றுலா ஆரம்பித்தான். சிட்னியிலுள்ள ஒரு பயணக் கம்பெனி தன் பயணிகளை நிரந்தரமாக அனுப்பச் சம்மதித்தால் சுரங்கத்துக்கு முழுக்குப் போட்டுவிடலாம். இல்லையென்றால் மறுபடி தூசிதான்.

வருகிறவர்களுக்கு ஆற்றுமணலில் தண்ணீர் எங்கே ஊறும் என்று காட்டுவான். சாம்பலில் ரொட்டி சுடுவான், கங்காரு வாலை நெருப்பில் புதைப்பான். அவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை. அடுத்ததாக, தணிந்த குரலில், இவர் உண்மையான பழங்குடிதானா என்று, தேநீர் ஊற்றக் கூடவே போகும் என்னிடம் கேட்பார்கள். கால்பந்து ஜெர்சி போட்டிருப்பதால் வரும் சந்தேகம். மதுரையிலிருந்து வந்து மாவு விற்கும் என்னிடம் இதற்குச் சான்றிதழ் வாங்குவதில் அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

கம்பெனி அனுப்பிய பிரான்வென் என்ற அம்மையாரின் பதவி, அனுபவ வடிவமைப்பாளர். இந்த மலையையும் ஆற்றையும் வடிவமைத்தது யார் என்பதில் இங்கே ஏற்கெனவே வேறு கருத்து உண்டு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருக்கு ஒரே குறை, வண்டியில் சுருக்கம் விழுந்த முகம் ஒன்றும் இல்லை.

சுருக்கம் இருக்கிறது, ஆனால் வேறு நாளில். லெஸ்டரின் மாமியார் ஈனிட் அம்மா செவ்வாய்க்கிழமைகளில் பெண்களை மட்டும் கூட்டிப்போய், இங்கே சாப்பிடுகிற வேர்ப்புழுவைத் தோண்டிக் காட்டுவார். லெஸ்டருக்கு, ஊரில் இருக்கும் வாரங்களில், வியாழன். இந்த அரெர்ன்டா ஜனங்களிடம் மருமகனும் மாமியாரும் முகம் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, ஒரே வண்டியில் ஏறுவதில்லை. பகை ஒன்றுமில்லை, இதைவிடப் பெரிய மரியாதை இங்கே கிடையாது. ஈனிட் அம்மா கடைவாசலில் தெரிந்தால் நான் மேசையைத் தட்டுவேன். லெஸ்டர் பின்கதவு வழியாக காஸ் சிலிண்டர்கள் பக்கம் போய்விடுவான். நம் ஊரிலும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் வக்கீல்கள் பாதிப்பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

லெஸ்டரின் மனைவி ரோவீனா இதையெல்லாம் பிரான்வென்னுக்கு விளக்கினாள். அவர் உருக்கமாகத் தலையாட்டிக் கேட்டு, ஏதோ குடும்பத் தகராறு என்று புரிந்துகொண்டார். கடைக்காரர்தான் வண்டி ஓட்டுவார் என்று சொல்லி ஈனிட் அம்மாவைப் பின் இருக்கையில் ஏற்றிவிட்டார். முன்னால் இருந்த ரோவீனாவுக்கு இது தெரியாது; கடைசியாக ஏறிய லெஸ்டரும் பின்னால் பார்க்காமல் முதல் வளைவுவரை ஓட்டினான்.

"யாரு இருமினது?" என்றான், கண்ணாடியைப் பார்க்காமல்.

"திரும்பாத," என்றாள் பின்னால் எட்டிப் பார்த்த ரோவீனா. "அம்மா."

ஈனிட் அம்மா அதற்குள் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டிருந்தார். லெஸ்டர் முதுகைக் காட்டியபடியே புல்லுக்குள் நடந்தான்; அவன் நாயும் வண்டியிலிருந்து குதித்துப் பின்னால் போனது. மீதி வழியை நான் ஓட்டினேன். எனக்கு மினிபஸ் உரிமம் இல்லை என்பது வேறு யாருக்கும் நினைவில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு கல்லிலும் நினைவு வந்தது.

குறுக்கே நடந்து ஆற்றங்கரைக்கு வந்துசேர்ந்த லெஸ்டர் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று தன் நாயிடம் பேசினான்.

"டேய், வந்தவங்க கேட்டா, அந்தப் பாறைமேல யாரும் ஏறக் கூடாதுன்னு சொல்லிடு."

ஈனிட் அம்மா தன் கடப்பாரையிடம் சொன்னார்: "அந்த நாய்க்கு டீயில சர்க்கரை நிறைய வேணும். யாராவது கொண்டுபோய்க் குடுங்க."

பயணிகள் கைதட்டினார்கள். பெல்ஜியத்துப் பெண்மணி ஒருவர் அழுதே விட்டார். பிரான்வென் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதேதான் வேணும். இனிமே தினமும் அதே வளைவுல அவர் இறங்கணும். அம்மா இருமுறது மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமா. கம்பெனிகிட்ட பேசிட்டு நாளைக்குக் கடைக்குப் போன் பண்றேன், அவரையே எடுக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலை லெஸ்டர் போனுக்குப் பக்கத்தில் அடைகாத்துக்கொண்டிருந்தான்.

"இறங்குறதுதானே. சுரங்கத்துலயும் தினம் இறங்கத்தான் செய்றேன்."

"அங்க எறங்கினா சம்பளம். இங்க தினம் எறங்கினா எங்கம்மாவுக்கு அவமானம்," என்றாள் ரோவீனா.

"பாப்பா நேத்து என்னை அங்கிள்னு கூப்பிட்டா, ரோவீனா."

 அப்புறம் லெஸ்டர், "வேற யாரையாவது மாமியாரா உக்கார வெச்சா என்ன?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"எனக்கு அந்த அளவுக்கு இருமல் வராது, தம்பி."

வாசலில் நிழல் விழுந்தது. மேசையைத் தட்டினேன், லெஸ்டர் பின்கதவு வழியாக வெளியேறினான். உள்ளே வந்த ஈனிட் அம்மா மாவுப் பையை மேசைமேல், போனை ஒட்டி வைத்து, அதனிடமே பேசினார்.

"மாவே, நல்லாக் கேட்டுக்க. என்னைத் தினம் ஏத்தினா நான் பின்னாடி உக்கார மாட்டேன். முன் சீட்டுல உக்காந்து, குட் மார்னிங் மருமகனேன்னு கைகுடுப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் எந்த மூஞ்சியோட ஊருக்குள்ள நடக்கறதாம்?"

வெளியே ஒரு சிலிண்டர் உருண்டது.

போன் அடித்தது.

"எடுக்கட்டுமா?" என்றேன்.

"அது அவருக்கு வர்ற போன்," என்றாள் ரோவீனா, பின்கதவைப் பார்த்தபடி. அம்மா உள்ளே இருக்கும்வரை அவன் வர முடியாது. அது அம்மாவுக்கும் தெரியும்.

நான் இந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து ஒரே தேயிலைப் பொட்டலத்தை வாங்குகிற ஈனிட் அம்மா, அன்றைக்கு அலமாரியில் ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கடைக்காரரே, இதுல எது ருசியா இருக்கும்? அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

போன் அடித்துக்கொண்டிருந்தது.