குறுக்கே வெட்டிய சரிவு

என் மனைவிக்குக் கோபம் மூக்கின்மேல் என்று அவள் வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்தில் சொல்வார்கள். பட்டப்பெயரே பட்டாசுதான். பட்டாசு தானாக வெடிக்காது, யாராவது பற்ற வைக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அன்றைக்குப் பற்ற வைத்தவர் அவளுடைய சொந்த அண்ணன்.

அவள் வேலை இதுதான். வருகிற மண்ணை உலர்த்தி, சலித்து, கல்லைக் குப்பையில் கொட்டிவிட்டு, மிஞ்சியதை உலையில் வைத்து எரிப்பாள். எவ்வளவு எடை குறைகிறது என்று பார்த்துக் கரிமச் சத்தைக் கணக்கிடுவாள். புல்லும் வேரும் சாணமும் மக்கிச் சேர்ந்த சத்து அது. அது இருக்கிற மண் கறுத்து, ஈரம் பிடித்து, கோடையிலும் புல்லை நிறுத்தும்.

மாமனார் விட்டுப்போன புல்வெளிச் சரிவைப் பங்கு போட்டார்கள். அடிவாரம் பெரிய மச்சானுக்கு, நடுப்பகுதி சின்ன மச்சானுக்கு, உச்சி இவளுக்கு. பரப்பளவு சமம், ஆகவே நியாயமாம்! கோடையில் புல் நிற்காத உச்சியை நம்பினால் வெயில் ஏறியதும் எங்கள் கறவை மாடுகளை விற்க வேண்டியதுதான். பங்குப் பேச்சு நடந்த அன்று நானும் கூட உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது.

பெரிய மச்சான் ஒரு காகிதத்தை மேஜையில் போட்டார். "பாரு பாப்பா, உங்க ஆபீஸ்லயே டெஸ்ட் பண்ணினது. மேல எடுத்த மண்ணுக்கும் கீழ எடுத்த மண்ணுக்கும் சத்து ஏறக்குறைய ஒண்ணுதான். இன்னும் என்ன வேணும்?"

"யார் தலையிலண்ணே மிளகாய் அரைக்கிற? கல்லையெல்லாம் சலிச்சுக் கொட்டிட்டுதான் நாங்க டெஸ்ட் பண்றோம். மிஞ்சின மண்ணுல சத்து எத்தனை பங்குன்னு இதுல இருக்கு. மண்ணு எவ்வளவு மிஞ்சிச்சுன்னு இதுல எங்க இருக்கு?"

சல்லடையும் மண்வெட்டியுமாக அண்ணன்களை மேலே இழுத்துப் போனாள். கூட வந்த மாமியார் அடிவாரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். உச்சியில் முழங்கை ஆழம்கூடப் போகவில்லை, பாறையில் மோதி ணங்கென்றது. ஒரு பெயின்ட் டப்பா நிறைய அள்ளிச் சலித்தாள். பாதிக்குமேல் கல். நடுவில் செங்குத்தான இடத்தில் மழை அரித்து மண் வெளிறிக் கிடந்தது. இறங்கி வந்து அடிவாரத்தில் அதே டப்பாவால் அள்ளினாள். ஒரு கல் இல்லை. குழி இடுப்பளவு போயும் கறுப்பு மண் தீரவில்லை.

"மேல இருந்து மழை கழுவிக் கழுவி இங்க சேர்த்த மண்ணு இது," என்றாள். "கீழ்ப்பங்கு முழுசையும் நான் கேக்கல. குறுக்க வெட்டாதீங்க, நெடுக்க வெட்டுங்க. உச்சியிலேர்ந்து இதுவரைக்கும் ஆளுக்கு ஒரு பட்டை. எல்லாருக்கும் கல்லும் வரும், கறுப்பும் வரும்."

சின்ன மச்சான் தலையாட்டினார். அண்ணன் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மழை செஞ்சதுக்கு நானா பொறுப்பு? வேணும்னா கூடையில அள்ளிக்கிட்டுப் போ!" பெரிய மச்சான் சிரித்தார்.

மாமியார் அலுத்துக்கொண்டார். "எதுக்குடி தொண்டைத் தண்ணி வத்தக் கத்துற? கீழ இருக்கறது நல்ல மண்ணுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே அவனுக்குன்னு வெச்சேன். உனக்கென்ன, ஆபீஸ் வேலை இருக்கு."

அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். தெரியாமல் செய்கிறார்கள், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பித்தான் அவள் அத்தனை பாடுபட்டிருந்தாள்.

"பத்திரத்துல என் கையெழுத்து விழாது," என்றாள்.

"பெத்தவகிட்ட பேசுற பேச்சாடி இது?"

"நீ பெத்தவங்கிறதாலதாம்மா இவ்வளவு நேரம் சலிச்சுக் காட்டினேன்."

சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் அந்த வாசலை மிதிக்கவில்லை.