போர்வை மறைக்காத சத்தம்

போன வருடம் ஆடி மாதம், அரியலூரில் எங்கள் வீட்டு உள்ளறையில் நடந்தது இது. எனக்கு நாற்பத்தெட்டு வயது. வீட்டிலேயே தையல் வேலை. பிளவுஸ் தைத்துக்கொண்டே போனில் பாட்காஸ்ட் கேட்டுக் கேட்டு, நாமும் ஒன்று ஆரம்பித்தால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. என்னைப் போல மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக் கைதானே வேலையில் இருக்கிறது, காது சும்மாதானே இருக்கிறது!

ஆசை இருந்தால் போதுமா, ஸ்டூடியோ வேண்டாமா? இருப்பதிலேயே சல்லிசான மைக் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஹெட்போன் பெரம்பலூரில் ஒரு செல்போன் கடையில் கிடைத்தது. மைக்கில் மூச்சுக் காற்று அடிக்காமல் இருக்க, ஆரி எம்பிராய்டரி வேலைக்கு வைத்திருந்த வளையத்தில் பழைய ஷிபான் துணியை இழுத்து மாட்டி முன்னால் நிறுத்தினேன். சுவரில் எதிரொலி வராமல் இருக்க முட்டை அட்டைகளை ஒட்டினேன். என் கணவர் லாரி எடை மேடையில் வேலை பார்க்கிறவர். அதைப் பார்த்துவிட்டு, "என்ன, கோழிப்பண்ணை வைக்கப் போறியா?" என்றார்.

பெரிய தொல்லை தெருச் சத்தம். சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகும். அதனால் தெருப் பக்க ஜன்னலில் இரண்டு பாயைச் சாத்தி, அதன்மேல் கம்பளிப் போர்வையைத் தொங்கவிட்டு, இண்டு இடுக்கில் வெட்டுத் துணியைத் திணித்தேன். கூடத்துப் பக்கம் வெறும் கதவுதான், அதுவும் கீழே இடைவெளி விட்ட பழைய கதவு. நம் வீட்டுக்குள் என்ன பெரிய சத்தம் வந்துவிடப் போகிறது என்று அதை நான் கண்டுகொள்ளவில்லை.

முதல் பகுதியைப் பதிவு செய்த அன்று, முன்கூட்டிச் சொல்லாமல் அம்மாவும் அண்ணனும் தா.பழூரிலிருந்து வந்து நின்றார்கள். அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து, அழைக்க வந்திருந்தார்கள். நான் அப்போதுதான் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். இருவருக்கும் காப்பி கொடுத்து, "கொஞ்ச நேரம் சத்தம் போடாம உக்காருங்க, இதோ முடிச்சிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

என் முதல் வாக்கியத்தைப் பல நாள் யோசித்து வைத்திருந்தேன். 'வணக்கம், இருபத்தோரு வயதில் வானொலிக் குரல் தேர்வில் தேறாமல் போனவள் பேசுகிறேன்.' கேட்கிறவர்கள் கொஞ்சம் சிரிப்பார்கள், தோற்றவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்வார்கள் என்று ஒரு கணக்கு.

அது உண்மையும்தான் என்று நம்பியிருந்தேன். கல்லூரி முடித்த வருடம் திருச்சி வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வுக்குப் போனேன். தொடர்புக்கு போன் நம்பர் கேட்டார்கள். எங்கள் வீட்டில் போன் ஏது? அப்போதெல்லாம் தெரிந்த இடத்து நம்பரைக் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று எழுதிவிடுவோம். யாராவது கூப்பிட்டால் அந்த வீட்டுக்காரர் வந்து சொல்வார். நான் அண்ணன் வேலை பார்த்த ரைஸ்மில் நம்பரைக் கொடுத்தேன். தினமும் அவர் சாப்பிட வரும்போது வாசலிலேயே நின்று, "போன் வந்துச்சாண்ணே?" என்று கேட்பேன். "வரலியே தங்கச்சி" என்பார். கடைசியில் ஒருநாள் நான் அழுதபோது தலையைத் தடவி, "சிபாரிசு இல்லாம யாரு எடுப்பா? விடு" என்றார். அப்பா இல்லாத வீட்டில் அப்படி ஓர் அண்ணன் கிடைத்த பெருமையை நான் சொல்லாத ஆள் இல்லை.

பதிவை முடித்து வெளியே வந்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா பேசுறே" என்றார் அண்ணன். இருவரும் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலத் தட்டில் பத்திரிகை வைத்து அழைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

மறுநாள் காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இருமல், திக்கல் எல்லாவற்றையும் வெட்ட உட்கார்ந்தேன். சல்லிசான மைக்குக்கு விவஸ்தை கிடையாது. அடுத்த தெரு நாய் குரைத்தாலும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். 'தேறாமல் போனவள் பேசுகிறேன்' என்று நான் சொல்லி முடித்து, அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு வாங்கிய இடத்தில் பின்னால் ஏதோ பேச்சு. சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

அம்மாவின் குரல். "இன்னமும் தேறலன்னே நெனைச்சிக்கிட்டு இருக்கு பாருடா. இப்பவாச்சும் சொல்லித் தொலையேன்."

"என்னத்தைச் சொல்றது?" இது அண்ணன்.

"ரேடியோக்காரங்க மில்லுக்குப் போன் பண்ணி வரச் சொன்னாங்கன்னு சொல்லு. அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சி, வராதுன்னு நீதானே சொல்லி வச்ச? அப்ப பொண்ணு பாக்கக்கூட யாரும் வரலியேடா."

"சொல்லாம? வயசுப் பொண்ணைத் திருச்சிக்கும் வூட்டுக்கும் பஸ்ஸுல அலைய வுட்டுருப்பியா? மெதுவாப் பேசும்மா, உள்ள கேக்கப் போவுது."

அதன் பிறகு காப்பி டம்ளர் வைக்கும் சத்தம். இதற்கெல்லாம் மேலே, காதுக்கு நெருக்கமாக, என் குரல் ஒன்றும் தெரியாமல் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மெஷின்மேல் தலையைச் சாய்த்து அழுதேன்.

என்ன போயிற்று என்று கேட்கலாம். பகுதிநேர வேலைதானே, மாதத்தில் சில நாள்தானே. வேலை போனதைக்கூட விட்டுவிடுகிறேன். அதன் பிறகு ஒரு மேடையில் ஏறினேனா? பிள்ளைகளின் பள்ளி விழாவில் பேசச் சொன்னபோதும், 'நமக்கு அந்தக் குரல் இல்லை' என்று பின்வரிசையில் போய் உட்கார்ந்தவள் நான். இல்லாத ஒரு தோல்வியை மகள் கல்லூரி முடிக்கும் வயது வரை சுமந்திருக்கிறேன்.

சாயங்காலம் கணவரிடம் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "நீ ரேடியோவுக்குப் போயிருந்தா என்னை எங்க கட்டியிருக்கப் போற? உங்க அண்ணனால எனக்குத்தான் லாபம்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், தெரியும். அன்று இரவு அவருக்குத் தோசையை ஊற்றி வைத்துவிட்டு, திரும்ப மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணனுக்குப் போன் செய்து சண்டை போடலாம் என்று பலமுறை எடுத்தேன். எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். காதுகுத்து நாளும் வந்தது. குலதெய்வக் கோயிலில் பந்தல், மைக் செட், கறிச்சோறு. அத்தைப் பாட்டி முறைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்தேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு அண்ணன் மைக்கைப் பிடித்து, "நம்ம தங்கச்சி இப்ப செல்போன்லயே ரேடியோ நடத்துது. வந்தவங்களை அதுவே வாங்கன்னு சொல்லட்டும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, மைக்கை என்னிடம் நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை.

"அது வராதுன்னு சொல்லிடுண்ணே" என்றேன். "கல்யாணம் ஆயிடுச்சின்னு சொல்லிடு. உனக்குப் புதுசா என்ன?"

மைக் நிறுத்தப்படாமல் இருந்ததால் நான் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது. யாருக்கும் புரியவில்லை, சிலர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அண்ணனுக்குப் புரிந்தது. மைக்கை நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மைக்செட்காரர் வந்து மைக்கை வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்டார்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் கெட்டது நெனைச்சிச் செய்யலடி. ஊரு என்ன பேசுமோன்னு பயந்துட்டான்."

"அவர் பயந்தாரு. நீ ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ அழுவியேன்னுதான்."

"அப்பவும் அழுதேனேம்மா, நீதானே முந்தானையால தொடச்சி வுட்ட."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அண்ணன் இதுவரை பேசவில்லை. தீபாவளிக்கு வழக்கமாக வரும் சேலை மட்டும் யார் மூலமோ வந்து சேர்ந்தது. பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். மன்னித்துவிடு, பெரிய மனசு பண்ணு என்று சொல்கிறவர்கள் வீட்டில் நிறைய. மன்னிப்பை அவர் இன்னும் கேட்கவே இல்லை என்பதை மட்டும் யாரும் கவனிக்க மாட்டேன் என்கிறார்கள்.

பாட்காஸ்ட் நடக்கிறது. கேட்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் 'வானொலிக்குத் தேர்வானவள்' என்று சொல்லிப் பார்த்தேன், வேறு யாரையோ சொல்வது போல இருந்தது. அதனால் வெறும் வணக்கத்தோடு ஆரம்பிக்கிறேன். இப்போதெல்லாம் பதிவுக்கு உட்காரும் முன் கம்பளிப் போர்வையை எடுத்துக் கூடத்துப் பக்கக் கதவில்தான் தொங்கவிடுகிறேன். தெருப் பக்க ஜன்னல் திறந்தே கிடக்கிறது, ஏனென்றால் அந்த லாரிகள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.