சம்பளத்தை முதலிலேயே வாங்கிய கவுன்சிலர்

“இல்லப்பா, கொழந்தைய மொத மொதல்ல கையில வாங்குனது எங்க சம்பந்தி இல்ல. கவுன்சிலரு!”

டீக்கடையில் நான் இப்படிச் சொன்னபோது யாரும் என்னை எதுவும் கேட்டிருக்கவில்லை. பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் மட்டும் பாலை ஆற்றிக்கொண்டே, “யாருண்ணா, மனு நர்மதாவா?” என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் இரண்டு டீ போட்டு முடிப்பதற்குள் முழுக்கதையையும் சொல்லிவிட்டேன்.

எனக்குப் பேத்தி பிறந்து இன்றோடு பதினோரு நாள். மூன்று கிலோ நூறு. இந்தப் பதினோரு நாளாக நான் யாரிடம் பேசினாலும் பேச்சு பேத்தியில் தொடங்கி நர்மதாவில் போய் நிற்கிறது. “வாயத் தொறந்தா ரெண்டு பேரு பேருதான்யா வருது உனக்கு” என்கிறாள் என் மனைவி ஈஸ்வரி.

நர்மதா எங்கள் பேரூராட்சியின் ஒன்பதாவது வார்டு கவுன்சிலர். திருநங்கை. வயதில் எனக்குத் தங்கை மாதிரி. கவுன்சிலர் ஆன புதிதில் “வாங்க, போங்க” என்று பேசிப் பார்த்தேன். “இன்னாண்ணா, நான் இன்னா தப்பு பண்ணேன், இப்பிடி தள்ளி வைக்கிற?” என்று கோபித்துக்கொண்டாள். அதனால் இங்கேயும் அவள் என்றே சொல்கிறேன்.

அவள் பிறந்தது பள்ளிப்பட்டுப் பக்கம். சொந்தமாக நெல் வயல் உள்ள குடும்பம். பதினேழு வயதில் அவளுடைய நைனா வீட்டை விட்டுப் போகச் சொன்னார். போய்விட்டாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகிற ரயிலிலும் பஜார் கடைகளிலும் ஆறு வருடம் கைதட்டிக் காசு கேட்டிருக்கிறாள். பிறகு தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிற வேலை கிடைத்தது. அன்றோடு கை நீட்டுவதை விட்டாள். கேன்டீனிலிருந்து பேக்கிங் பிரிவுக்குப் போனாள். எங்கள் தெருவுக்கு வாடகை வீடு கேட்டு வந்தபோது அங்கே சூப்பர்வைசர் ஆகியிருந்தாள்.

அவள் ப்ளஸ் டூ. நான் ஐந்தாவது. எங்கள் தெருவில் பாதிப் பேர் என் மாதிரிதான். வயல் வேலைக்குப் போன குடும்பங்கள், இப்போது சிப்காட் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றுகிறோம், கேட்டில் நிற்கிறோம். எங்களுக்கு ஒரு மனு எழுத வேண்டுமென்றால் ஆள் தேடி அலைவோம். நர்மதா வந்ததும் அந்த அலைச்சல் நின்றது. பென்ஷன் நின்றுபோனவருக்கு எழுதிக் கொடுத்தாள். மனு வாங்குகிற திங்கட்கிழமை லீவு போட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்கே போனாள். பென்ஷன் வந்தது. அப்புறம் ரேஷன் கார்டு, பட்டா, தெருவிளக்கு. ஊரே அவளை மனு நர்மதா என்று கூப்பிட ஆரம்பித்தது.

போன தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். வார்டின் பெரிய ஆள் பரசுராமன் தன் மனைவி சந்திரகலாவை நிறுத்தினார். போஸ்டரில் சிரித்தது சந்திரகலா. தெருத்தெருவாக வந்து கும்பிட்டது பரசுராமன். அந்த அம்மாவை நாங்கள் நேரில் பார்க்கவே இல்லை.

நர்மதா சுயேச்சையாக நின்றாள். பூட்டு சாவி சின்னம். அவளை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவன் நான். ராஜமாணிக்கம் என்று முழுதாக எழுதி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

நோட்டீஸ் அடிக்கும்போதே எங்களுக்குள் சண்டை வந்தது. அவள் பெயருக்குக் கீழே ‘திருநங்கை’ என்று போடச் சொன்னாள்.

“அத்த ஏன் போடுற? தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்க பூட்டு சாவிய பாத்து குத்திட்டுப் போவட்டும்” என்றேன்.

“தெரியாம குத்திட்டு, அப்பாலிக்கா தெரிஞ்சா திட்டுவாங்கண்ணா. தெரிஞ்சே குத்தட்டும். இல்ல, தெரிஞ்சே குத்தாம போவட்டும்.”

அப்படியே அடித்தோம்.

அதற்குப் பிறகுதான் நான் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் பக்கம் வேட்பாளர் தெருவுக்குள் வந்தால் பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள். சுற்றி முடித்ததும் வேட்பாளர் தட்டில் நோட்டுப் போட வேண்டும். சட்டப்படி கூடாதுதான், ஆனாலும் பரசுராமன் வந்த அன்று தட்டுகள் நிறைந்தன. நர்மதாவிடம் போடுவதற்கு எதுவும் இல்லை, போடவும் மாட்டாள். “எனக்கு ஆரத்தி வேணாண்ணா” என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஆரத்தி இல்லாமல் ஒரு வேட்பாளர் தெருவுக்குள் வருவதா? ஈஸ்வரியிடம் சொல்லிப் பத்துப் பன்னிரண்டு பெண்களைத் தட்டோடு நிற்க வைத்தேன்.

ஈஸ்வரி சுற்றினாள், பொட்டு வைத்தாள். அடுத்து அவள் கை தானாக மணிபர்ஸுக்குப் போனது. திருநங்கை வாசலுக்கு வந்தால் கையில் காசு வைத்து ஆசீர்வாதம் வாங்குவது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம். ஒரு காசை எடுத்து நர்மதாவின் கையில் வைத்துத் தலையைக் குனிந்தாள்.

“எங்க பொண்ணு கல்பனாவுக்கு நல்ல எடமா அமையணும்னு சொல்லும்மா.”

நர்மதா திகைத்துப் போனாள். குனிந்த தலையை எப்படி மறுப்பது? கை வைத்து, “நல்லா இருப்பா அண்ணி” என்றாள். அதைப் பார்த்து அடுத்தவளும் காசு எடுத்தாள். அதற்கடுத்தவளும். எதிர்வீட்டிலிருந்து ஒரு அம்மா குழந்தைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நர்மதாவின் இரண்டு கையும் காசால் நிறைந்துவிட்டது. நோட்டீஸ் கட்டு தரையில் கிடந்தது. ஓட்டுக் கேட்க வந்தவள் ஒருவரிடமும் ஓட்டுக் கேட்காமல் தெருவின் மறுமுனைக்கு வந்து சேர்ந்தாள்.

பரசுராமனின் ஆள் ஒருவன் இதை வீடியோ எடுத்திருந்தான். சாயங்காலத்துக்குள் எல்லார் போனிலும் வந்துவிட்டது. மேலே எழுதியிருந்தார்கள்: ‘ஓட்டுக்கு வந்துதா, துட்டுக்கு வந்துதா?’

நானும் ஈஸ்வரியும் அவள் வீட்டுக்கு ஓடினோம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“நான் இன்னா பண்ணுவேன், கை அதுவா போச்சும்மா” என்று ஈஸ்வரிதான் அழுதாள்.

“உங்க மேல கோவம் இல்ல அண்ணி. ஆனா பன்னெண்டு வருஷமா நான் யாருகிட்டயும் கை நீட்டல. உங்களுக்கு மனு எழுதுனேன், உங்க கூட ஆபீஸ் ஆபீஸா வந்தேன். இன்னிக்கும் நான் வாசல்ல வந்து நின்னா உங்களுக்கு ரயில்ல கை தட்டுன நர்மதாதான் தெரியுது. கவுன்சிலருக்கு நிக்கிறவ தெரியல.”

“இப்ப வாபஸ் வாங்க முடியாதே” என்றேன்.

“வாபஸ் வாங்கல. ஆனா நாளையிலேர்ந்து வெளிய வரலண்ணா. உட்டுடுங்க, ஒரே பேஜாரா கீது.”

மறுநாள் காலை அவள் வீட்டு வாசலில் தேர்தல் பறக்கும் படை ஜீப் வந்து நின்றது. ஆரத்தியில் பணம் கைமாறியதாக யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். தெருவே கூடிவிட்டது. அதிகாரி ஃபைலைத் திறந்தார்.

“வேட்பாளர் வாக்காளருக்கு எவ்ளோ குடுத்தாங்க?”

“அவங்க குடுக்கல சார்” என்றாள் ஈஸ்வரி. “நாங்கதான் குடுத்தோம்.”

“யாருக்கு?”

“அவங்களுக்கு.”

“வாக்காளர், வேட்பாளருக்கா?”

“ஆமா சார். வீடியோவுலயே கீது, பாருங்க.”

அவர் ஃபைலை இப்படிப் புரட்டினார், அப்படிப் புரட்டினார். கூட வந்த போலீஸ்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

“எதுக்கும்மா குடுத்தீங்க?”

ஈஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். “எதுக்குன்னா... எங்களுக்கு நல்லது நடக்கணும்னுதான் சார்.”

“சரி, வேட்பாளர் யாருக்கும் காசு குடுக்கக் கூடாது, தெரியுதா?” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

நர்மதா நிலைக்கதவில் சாய்ந்து நின்று ஈஸ்வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லது நடக்கணும்னுதான் என்று அவளும் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, ஆட்டோவும் மைக்செட்டும் எங்க கெடைக்கும்?”

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வந்து நிற்கிற நேரத்தில், தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தினோம். எதிரே பரசுராமனின் பிரச்சார வேன் நின்றது. நர்மதா பச்சைப் புடவையில் மைக்கைப் பிடித்தாள்.

“வீடியோ பாத்தீங்களா எல்லாரும்? பாக்காதவங்க பக்கத்துல வாங்கிப் பாத்துக்கோங்க. அதுல கீறது நான்தான். காசு வாங்குனதும் நான்தான். நான் திருநங்கை. ரயில்ல கை தட்டுனவ. நோட்டீஸ்லயே போட்டுக்கீறேன், எதையும் மறைக்கல.”

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் அப்படியே நின்றார்கள்.

“பரசுராமன் அண்ணன் உங்க தட்டுல போட்டாரு. போட்டவரு நாளைக்கு எங்கனா எடுப்பாருல்ல? எனக்கு நீங்க போட்டீங்க. எதுக்குப் போட்டீங்க? ஈஸ்வரி அண்ணி ஆபீசருகிட்டயே சொல்லிச்சு, நல்லது நடக்கணும்னு. அப்ப அது பிச்ச இல்ல, சம்பளம்! சம்பளத்த மொதல்லயே குடுத்துட்டு வேல வாங்காம உடுவீங்களா?”

சிரிப்புக் கிளம்பியது. ஒருத்தர் விசில் அடித்தார். வேனிலிருந்து பரசுராமன் தன்னுடைய மைக்கில் கத்தினார்.

“இது லேடீஸ் வார்டு! மொதல்ல நீ லேடீஸான்னு சொல்லு!”

கூட்டம் மொத்தமும் ஆட்டோப் பக்கம் திரும்பியது. நர்மதா சிரித்தாள்.

“என் ஓட்டர் ஐடியில பெண்ணுன்னு கீதுண்ணா. ஆபீசரு பாத்துட்டுதான் என் மனுவ ஏத்துக்கினாரு. அது கெடக்கட்டும், லேடீஸ் வார்டுன்னு நீயே சொல்லிட்ட. பத்து நாளா மீச வச்சுக்கினு நீயே சுத்தினு கீற. வேட்பாளரு எங்கண்ணா? சந்திரகலா அக்காவ கூப்புடு, ரெண்டு லேடீசும் பேசிக்கிறோம்!”

அப்போது எழுந்த சத்தம் ரயில்வே கேட் வரை கேட்டிருக்கும். வேனில் கொடி பிடித்துக்கொண்டிருந்த பெண்களே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பரசுராமன் மைக்கை அணைத்துவிட்டு வேனைக் கிளப்பச் சொன்னார்.

மறுநாள் அவர் வேனில் முதல் தடவையாகச் சந்திரகலா நின்றார். வெயிலில் முகம் சிவந்து, கைகூப்பி, கொஞ்சம் வெட்கமாக. “பாரு, அந்தம்மாவுக்கும் நம்மாளால வெளிக்காத்து கெடைச்சுது” என்றாள் ஈஸ்வரி.

நர்மதா மறுபடியும் வாசல் வாசலாகப் போனாள். இந்தத் தடவை யாரும் காசு எடுக்கவில்லை. “சம்பளம் குடுத்தாச்சு, கால்வா எப்ப தூரு வாருவ?” என்றார்கள். “குடுத்தது பத்தாது போலக்கீதே, தெருமுனைய அடைக்கிற இந்த லாரிங்கள இன்னா பண்ணப் போற?” என்றார்கள். வேட்பாளரைக் கேட்கிற கேள்விகள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அப்போதுதான் பார்த்தேன்.

எழுபத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். ஓட்டு எண்ணிய இடத்தில் அறிவித்ததும் நான் ஆடினேன். அதற்கு முன்பு நான் ஆடியது என் கல்யாணத்துக்கு முந்தின நாள். பதவி ஏற்ற அன்று, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு தடவை தன் பெயரைத் தானே வாசித்துப் பார்த்தாள். பள்ளிப்பட்டிலிருந்து யாரும் வரவில்லை. எங்கள் தெருவிலிருந்து மூன்று ஷேர் ஆட்டோ போயிருந்தது.

சிப்காட்டுக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எங்கள் தெருமுனையை அடைத்துக்கொண்டு நிற்கும். எத்தனையோ வருடத் தொல்லை. நர்மதா தாசில்தார் வரை மனு போட்டாள். அசையவில்லை. ஒருநாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் முதல் லாரிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் நாஷ்டாவும் அங்கேயேதான். நான்காம் நாள் போலீஸ் வந்து ‘இங்கு வாகனங்களை நிறுத்தக் கூடாது’ என்று போர்டு நட்டார்கள்.

பதினோரு நாளைக்கு முன்பு, பட்டப்பகலில் என் மகள் கல்பனாவுக்கு வலி வந்தபோது, நூற்றியெட்டு வண்டி எங்கள் வாசற்படி வரைக்கும் வந்தது. முன்பெல்லாம் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓட வேண்டும். நர்மதாவும் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைக் கொண்டு வந்து, “யாரு வாங்கிக்கறீங்க?” என்றார். எனக்குக் கைக்குழந்தையைத் தூக்கப் பயம், பின்வாங்கினேன். ஈஸ்வரி சாமி கும்பிடப் போயிருந்தாள். சம்பந்தி இன்னும் பஸ்ஸில் இருந்தார்.

“நீங்க யாரு?” என்று நர்ஸ் நர்மதாவைக் கேட்டார்.

“இவங்க வார்டு கவுன்சிலரு” என்றாள் நர்மதா, குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே.

இன்று காலை கவுன்சில் கூட்டத்துக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். கல்பனாவிடமிருந்து பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். நான் சும்மா இருக்காமல், “அடுத்த தடவையும் நீதாம்மா. இந்த வார்டுல உன்ன எதுக்க ஆளே கெடையாது” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையைத்தான் பார்த்தாள்.

“ஏன் இல்ல? இதோ கீதே ஆளு. சீக்கிரமா வளந்து வந்து என்ன எதுத்து நில்லுடி செல்லம். ஆனா சும்மால்லாம் உட்டுக்குடுக்க மாட்டேன், இப்பவே சொல்ட்டேன்.”